ஸ்தோத்திரம் சொல்லியாகிவிட்ட ஸ்பானிஷ்

எனக்கு ஸ்பானிஷ் தெரியும். இன்று இதை நான் தைரியமாக எழுதலாம். கையில் சான்றிதழ் இருக்கிறது, அதை நம்பி பெருங்குடியில் ஒரு கம்பெனி எனக்குச் சம்பளமும் தருகிறது. ஆனால் இதே செய்தி முதன்முதலாக உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது எனக்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தைகூட ஒழுங்காகத் தெரியாது. அறிவித்தவர் எங்கள் சபையின் போதகர். இடம் கிழக்குத் தாம்பரம். அன்றைக்கென்று மைக்கும் நன்றாக வேலை செய்தது.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் திட்டம் போடும் வியாதி. எதையாவது செய்து முடிப்பவர்களுக்குக் கிடைக்கும் திருப்தியெல்லாம் எனக்குத் திட்டம் போடும்போதே கிடைத்துவிடும். அதனால் செய்ய வேண்டிய அவசியமே வராது. காலையில் சீக்கிரம் எழுந்து ஓடுவதற்கு நான் போட்ட அட்டவணை அவ்வளவு அழகாக இருக்கும். (ஓடியதில்லை. அட்டவணையை லேமினேட் செய்திருக்கிறேன்.)

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டிலிருந்து முக்கியப் பாடத்தோடு கூடவே ஒரு துணைப்பாடம் எடுக்கலாம். அதற்கு மைனர் என்று பெயர். வகுப்பில் உயிருள்ள அத்தனை பேரும் டேட்டா சயின்ஸ் எடுப்பதாக இருந்தார்கள். அதில் புள்ளியியல் வரும். கணக்கும் நானும் முதல் வருடத்திலேயே மனஸ்தாபப்பட்டுப் பிரிந்தவர்கள். அப்போதுதான் ஒரு சீனியர் அக்கா மின்சார ரயிலில் வைத்து நற்செய்தி சொன்னாள்: "ஸ்பானிஷ் எடுத்துடு. மேடம் பாட்டு போடுவாங்க, படம் போடுவாங்க, இன்டர்னல் மார்க் அள்ளிக் குடுப்பாங்க. சும்மா தலையாட்டினா போதும்."

தலையாட்டுவது எனக்கு இயற்கையாகவே வரும். ரயில் தாம்பரம் வந்து சேர்வதற்குள் திட்டம் தயார்.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பாக்கி. அப்பா ஞானராஜ், பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். சபைக் கமிட்டியில் உறுப்பினர். அந்த வருடம் செயலர் பதவிக்கு நிற்பதாக இருந்தார்.

"டேட்டா சயின்ஸ் இருக்கறப்ப எதுக்கும்மா ஸ்பானிஷ்? தாம்பரத்துல யார் ஸ்பானிஷ் பேசறா?"

"அதான்ப்பா பாயிண்ட்டே. யாரும் பேசல. போட்டியே கிடையாது."

வீட்டு டிவியில் ஸ்லைடு போட்டுக் காட்டினேன். முதல் ஸ்லைடில் உலக வரைபடம். ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்கெல்லாம் ஆரஞ்சு வண்ணம் அடித்திருந்தேன். தென் அமெரிக்கா முக்கால்வாசி ஆரஞ்சாக இருந்ததைப் பார்த்ததும் புவியியல் ஆசிரியரின் முகம் இளகிவிட்டது. எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்று ஆண்டிஸ் மலைத்தொடரை விரலால் தடவினார். அதற்குப் பிறகு நான் காட்டிய ஸ்லைடுகளை அவர் பார்க்கவே இல்லை.

"இதெல்லாம் படிக்கப் போறியா, இல்ல படம் காட்டவே போறியா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். அம்மா நர்ஸ். நோயாளிகள் சொல்வதையே நம்பாத அம்மா, நான் சொல்வதை நம்பியதே இல்லை.

"விடும்மா, அக்கா பெரிய ஆளாயிடுவா," என்றாள் என் தங்கை ஹெப்சி. அவள் குரலில் இருந்தது ஆசீர்வாதம் அல்ல.

இனி வருவதைப் புரிந்துகொள்ள எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஏதாவது நல்லது நடந்தால் ஒரு கவரில் ஸ்தோத்திர காணிக்கை வைத்து, மேலே காரணத்தை எழுதிக் கொடுப்போம். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை மைக்கில் வாசிப்பார். சிறுநீரகக் கல் கரைந்தது, மகனுக்கு விசா கிடைத்தது, காணாமல் போன வண்டி திரும்பி வந்தது, எல்லாம் வாசிக்கப்படும். என் அப்பா இதில் ஒரு படி மேலே போனவர். நல்லது நடந்த பிறகு நன்றி சொல்வது வியாபாரம், நடப்பதற்கு முன்பே நடந்துவிட்டதாக எண்ணி நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்பது அவருடைய கொள்கை. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்ததற்காக அவர் ஸ்தோத்திரம் செலுத்திப் பல காலமாகிறது. குழாய் இன்னும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் கவரைப் பிரித்து வாசித்தார்: "சகோதரர் ஞானராஜ் குடும்பத்தார், தங்கள் மூத்த மகள் ஜெமிமா ஸ்பானிஷ் மொழியில் தேர்ச்சி பெறக் கர்த்தர் கிருபை செய்ததற்காக ஸ்தோத்திரம்."

கல்லூரியில் மைனர் பதிவே இன்னும் தொடங்கவில்லை.

சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். (அதிர்ச்சியில் குனிந்தேன். அடக்கம் என்று பிறகு சொன்னார்கள்.)

வீட்டுக்கு வந்ததும், "அப்பா, நான் இன்னும் சேரவே இல்லயே!" என்றேன்.

"சேரப்போற இல்ல?"

"சேருவேன்… ஆனா தேர்ச்சி?"

"சேர்ந்தா தேர்ச்சி பெறப்போற இல்ல? அப்புறம் என்ன? விசுவாசம்னா அதான்."

அன்றே போதகரிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அத்தனை ஆன்ட்டிகளும் என் கன்னத்தைத் தொட்டுப் பேசினார்கள். கணக்கில் அரியர் வைத்திருக்கும் பெண்ணின் கன்னத்தை யாரும் தொடுவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்துப் போதகர் வீட்டுக்கே வந்தார். காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"பெரு நாட்டுல இருந்து ரெண்டு போதகர்கள் மெட்ராஸுக்கு வந்திருக்காங்கம்மா. ரெண்டு பேருக்கும் ஸ்பானிஷ் மட்டும்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரே ஆள். அவர் வர்ற ஞாயித்துக்கிழமை பல்லாவரம் பக்கம் போறார். இன்னொருத்தரை எங்க அனுப்பறதுன்னு எல்லாச் சபைப் போதகர்கள் கூட்டத்துல திணறிக்கிட்டு இருந்தாங்க. நான் எழுந்து நின்னு சொன்னேன், எங்களுக்கு மொழிபெயர்க்க ஆளே வேண்டாம், எங்க சபைப் பிள்ளையே இருக்குன்னு."

அப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பெருமையை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செயலர் தேர்தலுக்கு அதிக நாள் இல்லை. தெரியாது என்று சொன்னால் அப்பாவின் மானம் அங்கேயே, காபி டம்ளர் பக்கத்திலேயே போய்விடும். ஸ்பானிஷும் போய்விடும். பிறகு டேட்டா சயின்ஸ்தான், வேறு வழியே இல்லை.

"சரிங்க ஐயா," என்றேன்.

போதகர் போனதும் அம்மா என்னை உள்ளே இழுத்தாள். "உண்மையச் சொல்லு. எவ்வளவு தெரியும்?"

"ஆப்ல படிச்சுக்கிட்டுதான்மா இருக்கேன். ஒரு வாரம் இருக்கு. திட்டம் போட்டுட்டேன்."

"திட்டமா?" என்றாள் அம்மா. அந்தக் குரலில்தான் வார்டில் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பாள்.

திட்டம் உண்மையாகவே போட்டேன். காலை, மதியம், மாலை என்று பிரித்து, வினைச்சொற்களுக்கு நீலம், பெயர்ச்சொற்களுக்குப் பச்சை என்று வண்ணமடித்து முடிப்பதற்குள் வாரத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் ஆப்பின் முதல் பாடத்தை முடித்தேன். பையன், பெண், ரொட்டி, மீன், தண்ணீர், ஒன்று முதல் பத்து வரை எண்கள். பையன் ரொட்டி சாப்பிடுகிறான். பெண் தண்ணீர் குடிக்கிறாள். இதை வைத்துக்கொண்டு ஓட்டலில் ஆர்டர் கொடுக்கலாம், பிரசங்கம் செய்ய முடியாது.

சனிக்கிழமைதான் எனக்கு ஞானோதயம். சிறு வயதிலிருந்து எத்தனை கன்வென்ஷன் கூட்டங்கள் பார்த்திருக்கிறேன்! வெள்ளைக்காரப் பிரசங்கியார் ஒரு வரி சொல்வார், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் ஒரு வரி சொல்வார். அவர் கையைத் தூக்கினால் இவரும் தூக்குவார். அவர் கத்தினால் இவரும் கத்துவார். யார் என்ன சொன்னாலும் கடைசியில் வருவது என்ன? உலகத்தின் கடைசி காலம், மனந்திரும்புதல், ஆமென். அப்புறம் எதற்கு ஸ்பானிஷ்? தமிழில் ஒரு கடைசி காலப் பிரசங்கம் தயார் செய்து கண்ணாடி முன் நின்று பழகினேன். நன்றாகவே வந்தது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை. பிரசங்கியார் வந்து இறங்கினார். பெயர் எமிலியோ. நடுத்தர வயது, குள்ளம், நல்ல தொப்பை, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. போதகரின் அறையில் எங்களை அறிமுகப்படுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் என்னிடம் வேகமாக ஏதோ கேட்டார். அறையே என் வாயைப் பார்த்தது.

நான் நிதானமாக ஸ்பானிஷில், "பையன் ரொட்டி சாப்பிடுகிறான்," என்றேன்.

அவர் கண் சிமிட்டினார்.

"பெண் தண்ணீர் குடிக்கிறாள். மீன். நன்றி," என்று முடித்தேன்.

"பாருங்க, எப்படி சரளமா பேசறா!" என்றார் போதகர். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எமிலியோ ஐயா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். கையில் வைத்திருந்த பிரசங்கக் காகிதங்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். என் மொழிப்புலமையை நம்பிக் குறிப்பே இல்லாமல் பேசப் போகிறார் என்று நான் நினைத்தேன். அந்த வயதில் எனக்கு எதைப் பார்த்தாலும் எனக்குச் சாதகமாகத்தான் புரியும்.

மேடையில் ஏறினோம். சபை நிரம்பி வழிந்தது. முன்னால் பாயில் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள். அவர்களுக்கு வாராவாரம் கதை சொல்லித் தருவது நான்தான். முதல் பெஞ்சில் அப்பா, அம்மா. ஓரமாக மொபைலை ஸ்டாண்டில் மாட்டி, நேரலை ஒளிபரப்பைக் கவனித்துக்கொண்டு ஹெப்சி.

எமிலியோ ஐயா மெதுவாக, தெளிவாக, மூன்றே வார்த்தை சொன்னார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "கர்த்தருக்குள் பிரியமானவர்களே! நாம் கடைசி காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்! கடிகாரத்தின் முள் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"ஆமென்!" என்றது சபை. சிலிர்த்துவிட்டது எனக்கு.

அவர் கொஞ்சம் திகைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாக நான்கு வார்த்தை சொன்னார். நான் பூகம்பம், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாவற்றையும் இறக்கினேன். பின் வரிசையில் ஒரு ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு எளிதான வேலைக்கா மக்கள் வருடக்கணக்கில் மொழி படிக்கிறார்கள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போதுதான் அவர் சைகையில் இறங்கினார். ஐந்து விரல்களை விரித்துக் காட்டி ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் சைகையை விடக் கூடாது. நானும் ஐந்து விரலை விரித்தேன். "ஐந்து கண்டங்களும் நடுங்கும்!"

"ஆமென்!"

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"இரண்டே வழிதான்! ஒன்று ஜீவன், இன்னொன்று மரணம்!"

இந்தத் தடவை 'ஆமென்' கொஞ்சம் மெலிந்து வந்தது. அவர் இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ பிய்த்து, வலது பக்கம் கொடுத்து, இடது பக்கம் கொடுத்தார். முகத்தில் அத்தனை கனிவு.

"எல்லாம் உடைக்கப்படும்!" என்று நான் முழங்கினேன். "நாலாபக்கமும் சிதறடிக்கப்படும்!"

பாயிலிருந்து ஒரு குரல் எழுந்தது. என் வகுப்பில் எப்போதும் முதலில் கை தூக்கும் குட்டிப் பெண். "அக்கா! அது அஞ்சு அப்பம், ரெண்டு மீன்க்கா!"

ஒரு பையன் கொண்டுவந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கர்த்தர் பிட்டு ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்த கதை எங்கள் சபையில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்தக் குழந்தைகளுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். ஏனென்றால் போன மாதம்தான் நான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன், இதே சைகைகளோடு. பாயில் இருந்த அத்தனை பிள்ளைகளும் உற்சாகமாக ஐந்து விரலைக் காட்டினார்கள். இரண்டு விரலைக் காட்டினார்கள். பிட்டார்கள், வலதுபுறம் கொடுத்தார்கள், இடதுபுறம் கொடுத்தார்கள். எமிலியோ ஐயா மகிழ்ந்துபோய் அவர்களைப் பார்த்துக் கைதட்டினார். முதல்முறையாக அவர் பிரசங்கம் யாருக்கோ புரிந்திருக்கிறது.

சிரிப்பு பாயில் ஆரம்பித்து ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் போனது. பாடகர் குழு அங்கியால் வாயை மூடிக்கொண்டது. கண்ணைத் துடைத்த ஆன்ட்டி மறுபடி துடைத்தார், இப்போது வேறு காரணத்துக்காக. நடுங்கியது ஐந்து கண்டங்கள் இல்லை, நான்தான்.

எமிலியோ ஐயா என் தோளில் கை வைத்தார். சபையைப் பார்த்து என்னவோ சொன்னார். அதில் ஒரே ஒரு சொல் எனக்குப் பிடிபட்டது: ஆகுவா. தண்ணீர்! முதல் பாடத்தில் வந்த தண்ணீர்! அவர் அதை மறுபடியும் சொன்னார், என்னைக் காட்டிச் சொன்னார். கிணற்றில் விழுந்து கிடந்தவளுக்குக் கயிறு கிடைத்ததுபோல நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜீவத்தண்ணீர்!" என்று கத்தினேன். "ஜீவத்தண்ணீரின் நதி இதோ இந்தச் சபைக்குள் பாய்ந்து வருகிறது!"

யாரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு முதல் பெஞ்சிலிருந்து ஒற்றைக் குரல், உரக்க, "ஆமென்!" என்றது.

அது அப்பா.

அன்று எனக்கு அழுகை வந்தது என்றால் அந்த ஆமெனுக்குத்தான் வந்தது. சிரிப்புக்கு இல்லை.

போதகர் எழுந்து வந்து மைக்கை என்னிடமிருந்து மென்மையாக வாங்கி, "மொழிபெயர்த்த சகோதரிக்காக விசேஷமாக ஜெபிப்போம்," என்றார். சபை கண்ணை மூடியது. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது அப்பா முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கண்டம் அஞ்சு இல்ல. ஏழு."

"சாரிப்பா."

"புவியியல் வாத்தியார் பொண்ணு நீ."

சிக்னல் விழுந்தது. நான் மெல்ல ஆரம்பித்தேன். "அப்பா, நான் டேட்டா சயின்ஸே எடுத்துக்கறேன்ப்பா. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் படிச்சுடலாம்." உண்மையாகவே கெஞ்சினேன். அந்த நேரத்தில் புள்ளியியல் எனக்குச் சொந்த அத்தை மாதிரி தெரிந்தது.

"முடியாது," என்றார் அப்பா. "ஸ்தோத்திரம் சொல்லியாச்சு. கர்த்தர்கிட்ட போய் வாபஸ் வாங்க முடியாது. நீ ஸ்பானிஷ்தான் படிக்கற. தேர்ச்சி பெறற."

அப்படித்தான் நான் ஸ்பானிஷ் மைனர் எடுத்தேன். சீனியர் அக்கா சொன்ன மேடம் வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பாட்டு போடவில்லை, படம் போடவில்லை, மார்க்கை எண்ணி எண்ணிப் போட்டார். தலையாட்டியவர்களை எழுப்பிக் கேள்வி கேட்டார். சனிக்கிழமையும் வகுப்பு வைத்தார். டேட்டா சயின்ஸ் எடுத்த கும்பல் சனிக்கிழமைகளில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் காண்டாமிருகம் பார்க்கப் போனபோது நான் வினைச்சொற்களோடு கூண்டில் இருந்தேன். ஓடித் தப்ப முடியாது. ஞாயிறுதோறும் யாராவது ஒருவர், "ஸ்பானிஷ் எப்படிப் போகுது?" என்று ஐந்து விரலைக் காட்டிக்கொண்டே கேட்பார்கள். வேறு வழியில்லாமல் படித்தேன். நடுவில் எப்போதோ பிடித்தும் போய்விட்டது. அப்பா செயலர் தேர்தலில் ஜெயித்தார். எல்லாம் அனுதாப ஓட்டு என்பது அம்மாவின் கணிப்பு.

மைனர் முடித்துச் சான்றிதழ் வந்த அன்று அப்பா மறுபடி ஒரு கவர் எழுதினார். பிறகு ஹெப்சியைக் கூப்பிட்டு, "அந்த வீடியோவப் போடு," என்றார். சபையின் யூடியூப் பக்கத்தில் அது அப்படியே இருந்தது. (மற்ற எல்லா ஆராதனைகளையும்விட அதற்குத்தான் பார்வையாளர்கள் அதிகம்.) "இப்ப ஒழுங்கா சொல்லு. அவர் என்னதான் சொன்னார்?"

டிவியில் எமிலியோ ஐயா பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒரு பையன் இருக்கிறான். பையனிடம் ரொட்டி இருக்கிறது. ஐந்து ரொட்டி. இரண்டு மீன்."

சொல்லச் சொல்ல எனக்கு உறைத்தது. எல்லாமே முதல் பாடத்துச் சொற்கள். போதகர் அறையில் நான் ஒப்பித்ததைக் கேட்டு, எனக்கு என்னென்ன சொற்கள் தெரியும் என்று கணக்கிட்டு, சொந்தப் பிரசங்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, என்னால் மொழிபெயர்க்க முடிந்த ஒன்றை நின்ற இடத்தில் உருவாக்கியிருக்கிறார் மனிதர். அதைக் காதில்கூட வாங்காமல்தான் நான் ஐந்து கண்டங்களை நடுங்க வைத்திருக்கிறேன்.

குழந்தைகள் சைகை காட்டும் இடம் வந்தது. சிரிப்பு எழுந்தது. அவர் என் தோளில் கை வைத்துப் பேசினார். நான் நிறுத்திவிட்டேன்.

"என்ன, சொல்லு," என்றார் அப்பா.

"அது… சரியா கேக்கலப்பா."

"அக்காவுக்கு நல்லாவே கேட்டுச்சு. மூஞ்சியப் பாருங்க," என்றாள் ஹெப்சி. திரும்பவும் ஓட்டிப் போட்டாள்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஜீவத்தண்ணீரையே மறுபடி சொல்லித் தப்பித்துவிடலாம், அந்த வீட்டில் ஸ்பானிஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் இந்த முறை எனக்கு உண்மையாகவே ஸ்பானிஷ் தெரியும்.

"'பொண்ணு பயந்துபோயிருக்கா,'" என்று மொழிபெயர்த்தேன். "'தண்ணி, தயவுசெஞ்சு. பொண்ணுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க.'"

நிறைந்த சபையில் ஒரு மனிதர் எனக்காகக் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அதைப் புரிந்துகொண்டு சபைக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் மொழிபெயர்ப்பாளர். அவள் அதை நதியாக்கிப் பாயவிட்டுவிட்டு, வறண்ட தொண்டையோடு நின்றிருக்கிறாள்.

டிவியில் அப்பாவின் ஒற்றை ஆமென் கேட்டது. அம்மா எழுந்து உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

அன்று ஆரம்பித்த பழக்கம் இன்னும் விடவில்லை. நான் கொஞ்சம் பெரிதாகப் பேச ஆரம்பித்தால் போதும், யாராவது ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டைச் சொன்னால் தண்ணீர். தினமும் ஓடப்போகிறேன் என்றால் தண்ணீர். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "இவ ஸ்பானிஷ்ல…" என்று அப்பா ஆரம்பித்தபோது ஹெப்சி டம்ளரோடு வந்து நின்றாள். வந்தவர்கள் அதை உபசாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னேன்: "அடுத்து ஜப்பானிய மொழி படிக்கலாம்னு ஒரு திட்டம் வெச்சிருக்கேன்."

அம்மா சிரித்தாள். ஹெப்சி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெதுவாக எழுந்தார். பேனாவும் கவரும் எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் சமையலறைக்குப் போய், டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

எடுத்துக் குடித்தேன். உண்மையில் தாகமாகத்தான் இருந்தது.